கல்லட்டி ஏறும் சைக்கிள்கள்

மலைப்பாதையில் நூறு, நூற்றைம்பது கிலோமீட்டர் என்று பலர் ஒன்றாகக் கிளம்பி சைக்கிளில் போகும் நெடும்பயணத்துக்கு வருகிறவர்களில் யாருக்கும் சைக்கிள் தொழில் இல்லை. வங்கி ஊழியர், பல் மருத்துவர், பள்ளி ஆசிரியை, ஓய்வுபெற்ற ராணுவத்தார், கல்லூரி மாணவர் என எல்லோரும் சொந்தக் காசு போட்டு, அலுவலகத்தில் விடுப்புச் சொல்லி வருகிறவர்கள். குறித்த நேரத்துக்குள் முடித்தால் ஒரு பதக்கம் அல்லது சான்றிதழ் கிடைக்கும். பெரும்பாலான பயணங்களில் முதலில் வந்தவருக்கும் கடைசியில் வந்தவருக்கும் அது ஒன்றேதான். இருந்தும் இதற்காக ஆறு மாதம் விடிகாலை நாலரை மணிக்கு எழுந்து பழகுகிறார்கள். தென்னிந்தியாவில் இந்தப் பழக்கம் வேர்பிடித்த மலை நீலகிரி.

இதன் தொடக்கம் பிரான்ஸ் நாட்டின் செந்த் எத்தியேன் நகரில் இருக்கிறது. பட்டு வியாபாரியாக இருந்து சைக்கிள் கடை வைத்த பால் தெ விவி, வெலோசியோ என்ற புனைபெயரில் சைக்கிள் பத்திரிகை நடத்தியவர். பந்தயத்தில் அவருக்கு நாட்டமில்லை. சாதாரண மனிதர் சைக்கிளில் மலையேறி ஊர் பார்த்துத் திரும்ப முடியும் என்பதைத் தன் உடம்பிலேயே சோதித்துக் காட்டினார். பசிக்கு முன்பே சாப்பிட வேண்டும், தாகத்துக்கு முன்பே குடிக்க வேண்டும், களைத்து விழுவதற்கு முன்பே இளைப்பாற வேண்டும் என்று அவர் சொன்ன யோசனைகளைத்தான் நூறாண்டு கழித்து இன்றைய பயிற்சியாளர்களும் சொல்கிறார்கள். ஏற்றத்துக்கு ஒன்று, சமவெளிக்கு ஒன்று எனப் பல கியர் வேண்டும் என்று வாதாடியவரும் அவர். அந்தக் காலத்துப் பந்தய உலகம் கியரை வயதானவர்களின் ஊன்றுகோலாகப் பார்த்தது. டூர் தெ பிரான்ஸ் பந்தயத்தில் செயினைப் பல்சக்கரம் மாற்றித் தரும் டிரெயிலர் (derailleur) கியருக்கு அனுமதி கிடைத்தது 1937-ல். வெலோசியோ அதைப் பார்க்காமல் 1930-லேயே இறந்துவிட்டார். அவரைச் சிறப்பிக்கத் தொண்டர்கள் மலையேறும் கூட்டுப் பயணம் 1922-ல், அவர் உயிரோடு இருக்கும்போதே தொடங்கியது.

பிறகு இந்த மரபு இரண்டு கிளையாகப் பிரிந்தது. ஒன்று, பந்தய வீரர்கள் ஓடும் அதே மலைகளில் சாதாரணர்களும் ஒரு நாள் ஓட்டிப் பார்ப்பது. ஆல்ப்ஸ் மலையில் 1982-ல் தொடங்கிய லா மார்மோத், 1993-ல் தொடங்கிய எதாப் து டூர் இரண்டும் இந்த வகை. லா மார்மோத் பயணம் சுமார் 174 கிலோமீட்டர், ஒரே நாளில் ஏறக்குறைய 5,000 மீட்டர் ஏற்றம். அதில் வரும் கலிபியே கணவாயின் உயரம் 2,642 மீட்டர். நம் தொட்டபெட்டாவைவிட 5 மீட்டர்தான் கூடுதல். இன்னொரு கிளை பிரெவே. பாரிஸில் 1904-ல் உருவான ஆடாக்ஸ் சங்கம் வகுத்த விதிப்படி 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள், 300-ஐ 20 மணி நேரத்துக்குள், 400-ஐ 27 மணி நேரத்துக்குள், 600-ஐ 40 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். வழியில் குறித்த இடங்களில் அட்டையில் முத்திரை வாங்க வேண்டும். தரவரிசை கிடையாது. நான்காண்டுக்கு ஒருமுறை நடக்கும் 1,200 கிலோமீட்டர் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் பயணத்துக்கு இந்தப் பிரெவேக்களே நுழைவுத் தேர்வு. இன்று சென்னை, கோவை, பெங்களூரு சைக்கிள் குழுக்களிலும் இதே கணக்கில் பிரெவேக்கள் நடக்கின்றன. "இருநூறு முடிச்சாச்சா?" என்றுதான் புதியவரை விசாரிப்பார்கள்.

டூர் ஆஃப் நீலகிரிஸ் இந்த இரண்டு கிளையிலிருந்தும் கொஞ்சம் விலகி நிற்பது. இதைப் பெங்களூரின் ரைட் எ சைக்கிள் அறக்கட்டளை 2008 டிசம்பரில் தொடங்கியது. ஒரு வார அளவுக்கு நீளும் இந்தப் பயணம் ஆண்டுக்கு ஆண்டு வழி மாறி, கர்நாடகம், கேரளம், தமிழ்நாடு மூன்றையும் தொட்டு வரும். சில பகுதிகளில் மட்டும் நேரம் எடுத்துப் போட்டி உண்டு; மற்ற தூரமெல்லாம் சுற்றுலா. டிசம்பர் மாதத்துக்குக் காரணம் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை ஓயத் தொடங்கியிருக்கும். அடிவாரத்தில் வெயில் பொறுக்கக்கூடியதாக இருக்கும். உச்சியில் மட்டும் உறைபனிக் காலம்.

சமவெளியிலிருந்து நீலகிரிக்கு ஏறும் பாதைகள் ஒன்றுக்கொன்று குணத்தில் வேறுபட்டவை. மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து 325 மீட்டர் அளவில் இருக்கிறது. அங்கிருந்து பர்லியாறு வழியாகக் குன்னூருக்கு ஏறும் சாலை வாகன நெரிசலுக்குப் பேர்போனது. கோத்தகிரிச் சாலையும் ஏறக்குறைய அதே தூரம், அதே ஏற்றம். சரிவு சீராக இருப்பதால் முதல்முறை மலையேறுகிறவர்களைக் கோவைக்காரர்கள் அங்கேதான் கூட்டிப்போகிறார்கள். மஞ்சூர், கெத்தை, முள்ளி வழியில் 43 கொண்டை ஊசி வளைவுகள். ஆள்நடமாட்டம் குறைவு, யானை அதிகம். கூடலூரிலிருந்து நடுவட்டம், பைக்காரா வழி நீளமானது, மூச்சு வாங்காமல் ஏறலாம். கல்லட்டி இவற்றோடு சேராது.

மைசூரிலிருந்து ஊட்டிக்கு வருகிறவர்கள் கூடலூர் சுற்றாமல் தெப்பக்காட்டில் பிரிந்து மசினகுடி, கல்லட்டி வழியாக வந்தால் சுமார் 30 கிலோமீட்டர் மிச்சம். அந்த மிச்சத்துக்கான விலையைச் செங்குத்தாகக் கொடுக்க வேண்டும். 36 கொண்டை ஊசி வளைவுகள். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குள் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற்றம். விபத்துகள் மிகுந்ததால் வெளியூர் வாகனங்கள் இந்தப் பாதையில் இறங்கத் தடை உண்டு. ஏற மட்டும் அனுமதி. நீலகிரி மலை ரயிலின் அதிகபட்சச் சரிவு 12-க்கு 1. அதை ஏற என்ஜினுக்குக் கல்லாறிலிருந்து குன்னூர்வரை தண்டவாளத்துக்கு நடுவே பல்சட்டம் பதித்திருக்கிறார்கள். கல்லட்டியில் அதைவிடச் செங்குத்தான இடங்கள் பல. சைக்கிளுக்குப் பிடிமானம் பின்சக்கர டயர் சாலையைத் தொடும் கட்டைவிரல் அகலம்தான்.

ஒரு வளைவை மட்டும் எடுத்துப் பார்க்கலாம். பாதை எதிர்த்திசைக்குத் திரும்பும் இடத்தில் உள்விளிம்புக்கும் வெளிவிளிம்புக்கும் ஏற வேண்டிய உயரம் ஒன்றுதான். ஆனால் உள்விளிம்பில் தூரம் குறைவு. ஆகவே அங்கே சரிவு சுவர்போல நிமிர்ந்து நிற்கும். இடப்பக்கம் திரும்பும் வளைவில் தெரியாதவர் இடது ஓரமே பாதுகாப்பு என்று உள்விளிம்பைப் பிடித்து ஏறுவார். முன்சக்கரம் லேசாகும், கைப்பிடி ஆடும், வேகம் நடைவேகத்துக்குக் கீழே போகும். பெடலிலிருந்து காலை எடுக்கும் முன்பே சாய்ந்துவிடுவார். அனுபவசாலி வளைவுக்கு இருபது மீட்டர் முன்பே, செயினில் அழுத்தம் குறைவாக இருக்கும்போது, கியரை இறக்கிவிடுவார். எதிரே வண்டி வரவில்லை என்று காதாலும் கண்ணாலும் உறுதிசெய்துகொண்டு வெளிப்பக்கமாக அகன்று திரும்புவார். தூரம் பத்து மீட்டர் கூடும், கால் தப்பிக்கும். வளைவு முடிந்ததும் நேர்ப்பாதை சற்றுத் தணிந்ததுபோலத் தோன்றும். அந்த இடத்தில் வேகத்தைக் கூட்டாமல் மூச்சை மீட்டுக்கொள்வார். இப்படி 36 வளைவுகள். வளைவுகளில் எண் போட்ட பலகை இருப்பதால் இன்னும் எத்தனை என்பது எப்போதும் கண்ணில் படும். சிலருக்கு அது துணை, சிலருக்குப் பயம்.

கணக்கு எளியது. ஆளும் சைக்கிளும் தண்ணீரும் சேர்ந்து 80 கிலோ என்றால், ஆயிரம் மீட்டர் உயர ஏறுவதற்குப் புவியீர்ப்பை எதிர்த்துச் செய்யும் வேலை சுமார் 785 கிலோஜூல். மனிதத் தசை தான் செலவிடும் சக்தியில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கையே பெடலுக்குத் தருகிறது, மீதி வெப்பமாகிவிடுகிறது. ஆக அந்த ஆயிரம் மீட்டருக்கு உடம்பு எரிப்பது சுமார் 750 கலோரி. பழகிய சாதாரணர் ஒருவர் தொடர்ந்து 150 வாட் தரக்கூடியவர் என்றால் இந்த ஏற்றத்துக்கு ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. முதல் பத்து நிமிடத்தில் 250 வாட் கொடுத்து நண்பரைத் துரத்தினால் கணக்கு மாறிவிடாது. கடனாக வாங்கிய பத்து நிமிடத்தை இருபதாம் வளைவில் வட்டியோடு கட்ட வேண்டும். மலையில் சைக்கிளை விட்டிறங்கித் தள்ளுகிறவர்களில் பெரும்பாலோர் பலமில்லாதவர்கள் அல்லர், தொடக்கத்தில் நிதானம் தவறியவர்கள். இந்த விளையாட்டின் முதல் பாடம் நிதானம்தான். நடுவிலும் கடைசியிலும் அதுவே பாடம்.

நிதானத்துக்கு இயந்திர வடிவம் கியர். ஊர்ப்புறத்துச் சாதா சைக்கிளில் ஒரு மிதிச் சுற்றுக்குச் சக்கரம் இரண்டரை முறை சுற்றி ஐந்து மீட்டருக்கு மேல் நகரும். சமதளத்துக்கு அது சரி; மலையில் முழங்காலைக் கெடுக்கும். முன்னால் 34 பல், பின்னால் 34 பல் உள்ள கியரில் ஒரு சுற்றுக்கு இரண்டு மீட்டர் சொச்சம்தான். நிமிடத்துக்கு அறுபது சுற்று மிதித்தால் மணிக்கு ஏழரை கிலோமீட்டர் வேகம். மெதுவாகத் தெரியலாம், ஆனால் அந்த வேகத்தில் இதயம் படபடக்காமல், பக்கத்தில் வருபவரோடு இரண்டு வார்த்தை பேசிக்கொண்டே ஏறலாம். விலையுயர்ந்த கார்பன் சைக்கிள் மிச்சப்படுத்தும் ஒன்றிரண்டு கிலோவைவிடப் பின்னால் ஒரு பெரிய பல்சக்கரம் மாட்டுவது புதியவருக்கு அதிகம் உதவும். சைக்கிள் கடைக்காரர்கள் இதை வாடிக்கையாளரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

உயரமும் தன் பங்கை வாங்கிக்கொள்ளும். ஊட்டியின் 2,240 மீட்டரில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதைவிட நாலில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவு. சென்னையிலிருந்து வந்தவர் அதே கியரில், அதே வேகத்தில் ஏறினாலும் மூச்சு முந்திக்கொள்ளும்.

கூட்டமாகப் போவதன் பயன் சமவெளியில்தான் முழுதாகத் தெரியும். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுபவரின் உழைப்பில் பெரும்பகுதி காற்றைக் கிழிக்கவே போகிறது. முன்னால் போகிறவரின் முதுகுக்குப் பின்னால் ஒரு சக்கர இடைவெளியில் ஒட்டிப்போனால் உழைப்பில் நாலில் ஒரு பங்காவது மிச்சமாகும். அதனால் முறைவைத்து ஒவ்வொருவராக முன்னால் வந்து காற்றை வாங்குவார்கள். இந்த நெருக்கத்துக்கு ஒழுங்கு வேண்டும். முன்னால் போகிறவருக்குத்தான் சாலை தெரியும். பின்னால் வருகிறவர்கள் அவர் கையை நம்பிப் போகிறார்கள். கை கீழே சுட்டினால் குழி. "ஸ்லோ", "வண்டி", "பிரேக்கர்" என்ற குரல் வரிசையின் கடைசிவரை கைமாறிப் போக வேண்டும். வெள்ளைக்கோடு அழிந்த வேகத்தடைகள் நம் சாலைகளில் சைக்கிள் கூட்டத்துக்குப் பெரிய ஆபத்து. முன்சக்கரம் அடுத்தவரின் பின்சக்கரத்தோடு பக்கவாட்டில் உரசினால் பின்னால் இருப்பவர்தான் விழுவார். அவரோடு நாலைந்து பேர். ஏற்றம் தொடங்கியதும் இந்தக் கூட்டம் தானாகக் கலைந்துவிடும். மணிக்கு எட்டு கிலோமீட்டரில் காற்று ஒரு பொருட்டே இல்லை. யார் முதுகும் யாருக்கும் உதவாது. அவரவர் கால், அவரவர் மூச்சு. அடிவாரத்தில் ஒன்றாகத் தேநீர் குடித்தவர்கள் மேலே மறுபடி சேர்வதற்கு ஒன்றரை மணி நேரம் ஆகலாம்.

உணவில் தவறியவர் மலையில் தவறுவார். தசையிலும் ஈரலிலும் சேமித்து வைக்கக்கூடிய மாவுச்சத்து கடும் உழைப்பில் இரண்டு மணி நேரம் சொச்சத்துக்கே வரும். அது தீர்ந்தால் திடீரென்று கால் மரத்து, கண் இருண்டு, எரிச்சலும் அழுகையும் வரும். அனுபவித்தவர்கள் அதைச் சுவரில் மோதியதுபோல என்று சொல்வார்கள். மணிக்கு அறுபது கிராம் மாவுச்சத்து உள்ளே போய்க்கொண்டிருந்தால் இது வராது. இரண்டு பெரிய வாழைப்பழத்தில் அது கிட்டத்தட்டக் கிடைத்துவிடும். கடலை மிட்டாய், உப்புத் தூவிய அவித்த உருளைக்கிழங்கு, பேரீச்சை, வெல்லம் எல்லாமே நம் ஊரில் சுலபமாகக் கிடைப்பவை. இறக்குமதி ஜெல் பாக்கெட் இல்லாமல் மலையேறியவர்கள் ஏராளம். வியர்வையில் போகும் உப்பையும் ஈடுகட்ட வேண்டும். வெறும் தண்ணீரையே லிட்டர் கணக்கில் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து மயக்கம் வரும். உப்புப் போட்ட மோரும் உப்புச் சர்க்கரைக் கரைசலும் அதற்குத்தான்.

கல்லட்டி ஏற்றம் தலைக்குந்தாவில் முடியும்போது வேறு பருவத்துக்குள் வந்து சேர்ந்ததுபோல இருக்கும். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரி அளவுக்குக் குளிர் கூடும். டிசம்பர், ஜனவரி விடிகாலைகளில் அங்குள்ள புல்வெளியில்தான் உறைபனி வெள்ளையாகப் படியும். வியர்வையில் நனைந்த சட்டையோடு அங்கே பத்து நிமிடம் நின்றால் உடம்பு நடுங்கத் தொடங்கும். அதனால் மேலே காத்திருக்கும் வண்டியிலிருந்து முதலில் நீட்டப்பட வேண்டியது காற்றுத் தடுப்புச் சட்டை, தேநீர் அடுத்தது.

இறக்கம் இளைப்பாறும் நேரம் என்று நினைப்பது தவறு. ஏறும்போது சேர்த்த அதே 785 கிலோஜூல் இறங்கும்போது எங்காவது போயாக வேண்டும். காற்று எடுத்துக்கொண்டது போக மீதியில் பெரும்பகுதி பிரேக்கில் வெப்பமாகிறது. ரிம்மை அழுத்தும் பழைய வகை பிரேக்கைத் தொடர்ந்து பிடித்துக்கொண்டே இறங்கினால் ரிம் சுட்டு டியூப் வெடிக்கலாம். வளைவுக்கு முன்பே, வண்டி நேராக இருக்கும்போது, இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் விரலைத் தளர்த்த வேண்டும். பார்வை குழியின் மேல் நின்றால் சக்கரமும் அங்கேயே போகும். போக வேண்டிய இடத்தைத்தான் பார்க்க வேண்டும். சில்வர் ஓக் மரநிழல் விழும் தேயிலைத் தோட்டத்துச் சாலைகளில் ஈரமும் பாசியும் வெயிலில் பளிச்சென்ற இடத்திலிருந்து நுழைகிறவர் கண்ணுக்குத் தெரியாது. நெடும்பயணங்களில் பெரிய காயங்கள் ஏற்றத்தில் நடப்பது அபூர்வம். இறக்கத்தில்தான் நடக்கின்றன.

நீலகிரியில் இப்படியொரு பயணத்தை நடத்துவது எளிதான காரியம் இல்லை. மைசூர் வழி வரும்போது கடக்க வேண்டிய பந்திப்பூர், முதுமலை இரண்டும் புலிகள் காப்பகங்கள். பந்திப்பூர்ச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடப்பட்டிருக்கும். பகலிலும் யானை குறுக்கே வரலாம். சைக்கிளில் இருப்பவருக்குக் கதவும் இல்லை, கண்ணாடியும் இல்லை. அங்கே சைக்கிள்களை லாரியிலும் ஆட்களை வேனிலும் ஏற்றிக் கடத்திவிடும் அமைப்பாளர் பொறுப்புள்ளவர். நூறு கிலோமீட்டரில் பதினைந்து குறைந்தால் குடி முழுகிப்போகாது. நீலகிரி மாவட்டத்தில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருப்பதால் தண்ணீர் கேன்களிலிருந்து ஒவ்வொருவர் பாட்டிலிலும் நிரப்பித் தர ஆள் வேண்டும். 2024 மே முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேறு. மெக்கானிக், ஆம்புலன்ஸ், திருப்பங்களில் வழிகாட்டும் தொண்டர்கள் என்று கூட்டினால், மிதிப்பவர்கள் நூறு பேர் என்றால் அவர்களைச் சுற்றி உழைப்பவர்கள் சில டஜன் பேராவது இருப்பார்கள்.

எல்லோருக்கும் பின்னால் ஸ்வீப் வண்டி வரும். கடைசி ஆளின் வேகம்தான் அதன் வேகம். முடியாமல் அதில் ஏறிக்கொள்வதை அவமானமாக நினைத்து, தலைசுற்றலோடு மிதித்து விழுந்தவர்கள் உண்டு. கட்டணம் கட்டிய ஒவ்வொருவருக்கும் அந்த வண்டியில் ஓர் இருக்கை உண்டு என்பதைக் கிளம்பும் முன்பே வெளிப்படையாகச் சொல்லிவிடும் குழுக்களில் இந்தத் தயக்கம் குறைகிறது.

பழகுவதற்கு வீட்டு வாசலில் மலை இருக்க வேண்டும் என்பதில்லை. சென்னைக்காரர்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையின் எதிர்க்காற்றில் கால் பழகுகிறார்கள். மேம்பாலத்தையே இருபது முறை ஏறி இறங்குகிறார்கள். மாதம் ஒருமுறை 14 வளைவு உள்ள ஏலகிரிக்குப் போகிறார்கள். சேலத்துக்காரர்களுக்கு 20 வளைவு ஏற்காடு, நாமக்கல்காரர்களுக்கு 70 வளைவு கொல்லிமலை. வாரம் மூன்று நாள் ஒரு மணி நேரம், ஞாயிறன்று நாலைந்து மணி நேரம் என்று நாலைந்து மாதம் விடாமல் ஓட்டிய நடுத்தர வயதுக்காரர் 100 கிலோமீட்டர் மலைவழியை முடித்துவிடலாம். நாற்பது தாண்டியவர்கள் தொடங்கும் முன்பு இதயப் பரிசோதனை செய்துகொள்வது கட்டாயம். பெண்கள் இதில் அதிகம் வராததற்குக் காரணம் மலை இல்லை. விடியும் முன்பு தனியாகப் பயிற்சிக்குப் போகப் பாதுகாப்பான சாலை இல்லை. கோவையிலும் சென்னையிலும் பெண்கள் குழுவாகச் சேர்ந்து ஓட்டத் தொடங்கியபிறகு நிலைமை மெல்ல மாறிவருகிறது.

மிச்சமிருப்பது மோட்டார் வாகனம் ஓட்டுபவர்களின் பங்கு. மலைப்பாதையில் இரண்டு வண்டிகள் தாராளமாகக் கடக்க இடமில்லாத இடத்தில் இறங்குகிற வண்டி நின்று ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது நாட்டின் சாலை விதி. ஏறுகிற சைக்கிள் ஒருமுறை நின்றுவிட்டால் அந்தச் சரிவில் மறுபடி கிளம்புவது பெரும்பாடு. குன்னூர், கோத்தகிரிச் சாலைகளில் காரில் இறங்கும்போது எதிரே மணிக்கு எட்டு கிலோமீட்டரில் ஒரு சைக்கிள் ஏறிவந்தால், ஹாரன் அடிக்காமல் ஓரமாக நின்று அது கடக்கும்வரை பொறுத்திருங்கள். அரை நிமிடம் போதும்.